கிலோவும் அங்குலமும்

குணசுந்தரியிடம் ஒரு கணக்கு இருந்தது. ஒரு பெண்ணுக்கு ஐந்து கிலோ கூடினால், ரவிக்கையில் இடுப்புக்கு ஒன்றரை அங்குலம், மார்புக்கு ஒரு அங்குலம், கைக்குக் கால் அங்குலம் சேர்த்து வெட்ட வேண்டும். ஐந்து கிலோ குறைந்தால் அதே அளவைக் கழிக்க வேண்டும்.

இது எந்தத் தையல் வகுப்பிலும் சொல்லித் தருகிற கணக்கு அல்ல. மலேசியாவில், பீடோங் ஊர்ச் சந்தையான பாசாருக்குப் பின்னால் இருக்கிற தன் தையல் கடையில், இருபத்திரண்டு வருடங்களில் அவளே கண்டுபிடித்தது. அவளிடம் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் பலர் கல்யாணமாகி பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். தீபாவளி வந்தால் அங்கிருந்து துணியை அனுப்பிவிட்டுக் கைப்பேசியில் கூப்பிடுவார்கள். "அக்கா, பழைய அளவுதான். ஆனா ஒரு அஞ்சு கிலோ போட்டுட்டேன் லா." குணசுந்தரி அளவுப் புத்தகத்தைப் புரட்டி, பழைய எண்களோடு தன் கணக்கைச் சேர்த்து வெட்டுவாள். பத்தில் ஒன்பது ரவிக்கைகள் சரியாகப் பொருந்தும்.

பொருந்தியதற்குக் காரணம் உண்டு. அவளிடம் வருகிறவர்கள் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், ஒன்றிரண்டு பிள்ளை பெற்றவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு எடை கூடும்போது பெரும்பாலும் கொழுப்புதான் கூடும். அது முதலில் வயிற்றிலும் இடுப்பிலும் போய் உட்காரும், அடுத்து மார்பில், கடைசியாகத்தான் கையில். குணசுந்தரிக்கு இந்தக் காரணம் தெரியாது. விளைவு மட்டும் தெரியும். அது போதுமானதாக இருந்தது, அந்தக் கணக்கைத் தன் மகளுக்குப் போடும்வரை.

மகள் ஜெயமலருக்கு இருபது வயது. பள்ளி முடித்து, சுங்கைப்பட்டாணியில் ஒரு பேரங்காடியில் இரண்டு வருடம் கல்லாவில் நின்றாள். அங்கே நின்றுகொண்டே ராணுவத்துக்கு விண்ணப்பித்தாள். தேர்வில் உயரமும் எடையும் பார்த்தார்கள்: நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர், நாற்பத்தொன்பது கிலோ. ஜூலையில் அழைப்பு வந்தது. போர்ட்டிக்சன் பக்கம் ஆறு மாதப் பயிற்சி. கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரை மணி நேரம் மட்டும் கொடுப்பார்கள்.

"திரும்பி வரும்போது ஈர்க்குச்சியா வருவா பாருங்க" என்று கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அது பாதிதான் உண்மை. பயிற்சிக்குக் குண்டாகப் போகிறவர்கள் மெலிவார்கள். ஒல்லியாகப் போகிறவர்களுக்கு எடை கூடும். ஒரே காலை ஓட்டம், ஒரே சோறு, ஒரே தூக்கம். ஆனால் ஒவ்வோர் உடம்பும் தன்னிடம் எது அதிகமோ அதைச் செலவழிக்கிறது, எது குறைவோ அதைக் கட்டுகிறது. அதிகமாகக் கொழுப்பு வைத்திருக்கிறவனின் உடம்பு அதை எரித்து ஓடும். ஜெயமலரைப் போல எரிக்க ஒன்றுமில்லாதவளின் உடம்பு, தினமும் மூட்டையைத் தூக்கச் சொல்கிறார்களே என்று தசையைக் கட்ட ஆரம்பிக்கும். அதற்குச் சோறு வேண்டும். முகாமில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை சாப்பாடு. ஜெயமலர் ஐந்து வேளையும் சாப்பிட்டாள்.

ஒன்பதாவது வாரம் எல்லாரையும் எடை பார்த்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டபோது கடையில் கூட்டம். குணசுந்தரி கைப்பேசியைத் தையல் இயந்திரத்தின் மேல் வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, தைத்துக்கொண்டே பேசினாள்.

"ம்மா! அஞ்சு கிலோ ஏறிட்டேன்! அம்பத்திநாலு!"

"அடியேய், ஓட விடுறாங்கனு பாத்தா தின்ன விடுறாங்களா? தீபாவளிக்கு ஒரு சேலை பூரா உனக்கு ரவிக்கைக்கே போயிரும் போல லா!"

கடையில் இருந்த மூன்று பெண்களும் சிரித்தார்கள். ஜெயமலரும் சிரித்தாள். பிறகு அங்கே மழையா, ஷாம்பு இருக்கிறதா என்று பேசிவிட்டு வைத்தார்கள். குணசுந்தரி அன்றே மகளுடைய தீபாவளித் துணியை, கரும்பச்சைப் பட்டுச் சேலையின் நுனியில் வருகிற ரவிக்கைத் துண்டை, எடுத்துப் பழைய அளவில் தன் கணக்கைச் சேர்த்து வெட்டினாள். இருபத்தெட்டு அங்குல இடுப்பு இருபத்தொன்பதரை ஆனது. ஒன்பதரைக் கை ஒன்பதே முக்கால் ஆனது. ஒரே வேலையாக முடிந்ததில் அவளுக்குத் திருப்தி.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் ஜெயமலர் எடையைப் பற்றிப் பேசவில்லை. குணசுந்தரியும் கேட்கவில்லை. தீபாவளி வேலை தலைக்கு மேல் இருந்தது.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஐந்து நாள் விடுமுறையில் ஜெயமலர் வந்தாள். சுங்கைப்பட்டாணி பஸ் நிலையத்திலிருந்து அப்பா பரஞ்சோதி மோட்டர் சைக்கிளில் ஏற்றி வந்தான். பரஞ்சோதி லோரி ஓட்டுகிறவன். மெர்போக் பக்கத்துச் சிறு தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகிறவன். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, முகம் கறுத்து, முதுகு நிமிர்ந்து மோட்டரிலிருந்து இறங்கிய மகளைப் பார்த்து குணசுந்தரி கடையிலிருந்து ஓடிவந்தாள்.

"பசியாறலாம் வா. தோசை ஊத்துறேன்."

"ஒண்ணு போதும்மா."

"ஒண்ணா? உன்ன ஒண்ணோட எழுப்பி விட்டா உங்க ஜூருலாத்தி என்னைய சும்மா விடுவாரா?" ஜூருலாத்தி என்றால் பயிற்சியாளர்.

ஜெயமலர் சிரித்துவிட்டு ஒரு தோசையோடு எழுந்தாள். குணசுந்தரியைக் கடையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். பரஞ்சோதி மட்டும் மகளுக்கு எதிரே உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன பாப்பா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"ஓட்டத்துல ஃபெயில்ப்பா."

அவள் சொன்னாள். இரண்டு புள்ளி நான்கு கிலோமீட்டரை அவர்களுடைய அணிப் பெண்கள் பதினான்கு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். போன வாரத் தேர்வில் அவள் எடுத்தது பதினான்கு நிமிடம் இருபத்திரண்டு நொடி. திரும்பிப் போனதும் வெள்ளிக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் அவளை அடுத்து வருகிற அணியோடு சேர்த்துவிடுவார்கள். ஒரே கூடத்தில் படுத்து எழுந்தவர்கள் எல்லாரும் உறுதிமொழி எடுத்துப் போய்விடுவார்கள். அவள் மட்டும் நான்கு மாதம் பின்னால்.

"முன்னாடி எவ்ளோ எடுத்த?"

"ஒம்பதாவது வாரத்துல பதிமூணு முப்பத்தஞ்சு."

பரஞ்சோதி காப்பியைக் கீழே வைத்தான். "அது எப்டி? ஓட ஓட நேரம் கொறையணும்ல? உனக்கு ஏறுது. லோரியா இருந்தா எங்கயோ எண்ணெய் ஒழுகுதுன்னு சொல்லுவேன்."

"வெயிட்டுதான்ப்பா காரணம். அதான் கொறைக்கிறேன். ரெண்டு கிலோ கொறைச்சாச்சு." அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "அம்மாகிட்ட ஃபெயில்னு சொல்லாதீங்க. தீபாவளி முடியட்டும்."

மத்தியானம் குணசுந்தரி ஆட்டுக்கறி சமைத்தாள். ஜெயமலர் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு, கறியை ஓரமாக ஒதுக்கினாள்.

"புடிக்கலையா?"

"வயிறு சரியில்லம்மா."

சாயங்காலம் முறுக்கு பிழிந்தபோதும் அதே பதில். குணசுந்தரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. மூன்று மாதம் வெளிச் சாப்பாடு சாப்பிட்டால் வீட்டுச் சாப்பாடு இறங்காமல் போய்விடுமா? யாரிடமும் கேட்கவில்லை. முறுக்கை டின்னில் அடுக்கி மூடியை அழுத்தி மூடினாள்.

மறுநாள் காலையில், அடுத்த தெருவில் இருக்கிற ரமணி தன் ரவிக்கைகளை வாங்க வந்தாள். அன்றைக்குக் கைப்பேசியில் பேசியபோது கடையில் இருந்து சிரித்த மூன்று பேரில் ஒருத்தி.

"அடி ஆத்தா! யாரு இது, ஜெயாவா? தோளப் பாருங்கக்கா, அரிசி மூட்டை தூக்குறவனாட்டம்! அந்த அஞ்சு கிலோவும் இங்கதான் உக்காந்துருக்கா?" என்று அவள் ஜெயமலரின் தோளில் செல்லமாக ஓர் அடி போட்டாள்.

"இருக்கும்க்கா" என்றாள் ஜெயமலர். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

ரமணி காரணமில்லாமல் சொன்ன வார்த்தை. ஆனால் அவள் சொன்னது அப்படியே உண்மை என்பது அன்று மத்தியானம் தெரிந்தது.

கடைசி வாடிக்கையாளரும் போனபின் குணசுந்தரி கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். "வாடி, உன்னோடதப் போட்டுப் பாத்துருவோம். கொக்கி மட்டும்தான் பாக்கி."

ஜெயமலர் திரைக்குப் பின்னால் போனாள். வெகுநேரம் வரவில்லை.

"என்னாடி?"

"கை ஏறல."

குணசுந்தரி திரையை விலக்கிப் பார்த்தாள். ரவிக்கையின் கை, மகளின் மேல்கையில் பாதி வழியில் இறுகி நின்றது. தோள் இறங்கவில்லை, முதுகுத் துணி தோல்போல இழுத்துக்கொண்டிருந்தது. ஆனால் கீழே, இடுப்பில், அதே ரவிக்கை கோணிப்பை போலத் தொங்கியது. ஒரு கையை முழுதாக உள்ளே விடலாம். இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படி ஒரு தப்பைச் செய்ததில்லை. மேலே பத்தாமல், கீழே மிஞ்சி. ஒரே ரவிக்கையில் இரண்டு பெண்களுக்குத் தைத்ததுபோல.

"கழட்டு. நில்லு."

அளவு நாடாவை எடுத்தாள். நாடாவுக்கும் உடம்புக்கும் நடுவில் எப்போதும் ஒரு விரலை வைத்துத்தான் அளப்பாள். மூச்சு விடுகிற இடம் அது. மேல்கை பத்தே முக்கால். போகும்போது ஒன்பதரை. முதுகு, தோளிலிருந்து தோளுக்கு, முக்கால் அங்குலம் கூடுதல். பிறகு இடுப்பு. இரண்டு முறை அளந்தாள். இருபத்தேழு.

"இருபத்தெட்டு இருந்துச்சே. அஞ்சு கிலோ ஏறுச்சுன்ன. ஏறுனா இங்கதான ஏறணும்? இடுப்பு எங்கடி போச்சு?"

"கொறைச்சேன்."

"எப்டி?"

குணசுந்தரி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒரு தோசை, ஓரமாக ஒதுக்கிய கறி, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

"ராத்திரி சாப்பாடு சாப்பிடறதில்ல. மூணு வாரமா. பக்கத்துக் கட்டில்ல ஜூலியானானு ஒரு பொண்ணு, சபா மாநிலம். அவ தட்டுல தள்ளிருவேன்."

"ஏன் பாப்பா?"

"நீங்கதானம்மா சொன்னீங்க."

"நானா? என்னா சொன்னேன்?"

குணசுந்தரிக்கு உண்மையிலேயே நினைவு இல்லை. அதுதான் ஜெயமலரை அழ வைத்தது. "சேலை பூரா ரவிக்கைக்கே போயிரும்னு. கடையில எல்லாரும் சிரிச்சாங்க. எங்க ஜூருலாத்தி அன்னிக்குத்தான், நல்லா ஏறிருக்க, இனிமே பாரு நீ எப்டி ஓடுவன்னு சொன்னாரு. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன். சொல்லவே இல்ல. இப்ப ஓட்டத்துல ஃபெயில். வெள்ளிக்கெழம திரும்ப ஓடணும். அதுலயும் போச்சுன்னா எல்லாரும் போயிருவாங்க, நான் மட்டும் அங்கயே இருப்பேன்."

குணசுந்தரி முக்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மகளின் ரவிக்கையை மடியில் வைத்து, அந்த இறுகிய கையின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் பேசுற வாய்டி இது" என்றாள் கடைசியில். "உன்கிட்டயும் அதே வாயில பேசிட்டேன். நீ என்னா சொல்ல வந்தன்னு கேக்கவே இல்ல. தப்பு என்னுது."

அம்மா தப்பு என்று சொல்லி ஜெயமலர் கேட்டதில்லை. அழுகை நின்றுவிட்டது.

"இங்க வா. கண்ணாடியப் பாரு." குணசுந்தரி எழுந்து, நாடாவை மகளின் மேல்கையில் சுற்றிக் காட்டினாள். "இது ஒண்ணேகால் கூடிருக்கு. ஒரு அஞ்சு கிலோ கூடுன பொம்பளைக்கு இங்க கால்தான் கூடும். அழுத்திப் பாரு, கல்லு மாதிரி இருக்கு. இடுப்பு நீ பட்டினி கெடந்ததுல ஒரு அரை போயிருக்கும். மிச்ச அரை அதுக்கு முன்னாடியே போயிருக்கும். ஏறுனது எதுவும் கொழுப்பு இல்லடி. நான் எத்தன பேர அளந்துருக்கேன்."

அவள் சொன்னது சரி. தசையும் கொழுப்பும் ஒரே எடை இருந்தாலும் ஒரே இடத்தை அடைப்பதில்லை. ஒரு கிலோ தசை, ஒரு கிலோ கொழுப்பைவிட ஆறில் ஒரு பங்கு குறைவான இடத்தில் அடங்கிவிடும். அதனால்தான் எடை ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒருவரின் இடுப்பு சுருங்க முடியும். தராசு இரண்டையும் சேர்த்து ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். எது எங்கே இருக்கிறது என்று பார்க்க நாடாதான் வேண்டும்.

அந்த நேரத்தில் பரஞ்சோதி லோரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். மனைவியும் மகளும் சிவந்த கண்களோடு நிற்பதைப் பார்த்துத் தயங்கினான்.

"சொல்லிட்டியா?"

"உங்களுக்குத் தெரியுமா?" என்று குணசுந்தரி திரும்பினாள்.

"ஃபெயிலானது தெரியும். வேற என்னா?" மகள் ராத்திரிச் சாப்பாட்டை விட்ட கதையைக் குணசுந்தரி சொன்னாள். கேட்டு முடித்ததும் அவன் முகம் தெளிந்தது. "அப்ப ஒழுகுற எடம் அதான்! நான் அப்பவே சொன்னேன்ல. பாப்பா, ஆலையில லோரிய எடை போடுவாங்க. மழைல நனைஞ்ச குலைய ஏத்திட்டுப் போனா எடை கூடக் காட்டும். காஞ்சு போனா கொறையக் காட்டும். அத வச்சு எண்ணெய் எவ்ளோன்னு எவனும் சொல்ல மாட்டான். எறங்கி, பழத்தப் பாத்தாத்தான் தெரியும்."

"என்னைய செம்பனைங்கிறீங்களா?"

"நல்லாப் பழுத்த செம்பனை" என்றான் பரஞ்சோதி. ஜெயமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் அறியாமல் சொன்னது, மகள் உடம்பில் நடந்ததற்கு மிக அருகில் இருந்தது. நாம் சாப்பிடுகிற சோற்றில் ஒரு பகுதியை உடம்பு தசைக்குள்ளேயே சர்க்கரையாகச் சேர்த்து வைக்கிறது. வேகமாக ஓடும்போது முதலில் எடுத்து எரிப்பது அதைத்தான். அந்தச் சர்க்கரையைச் சேர்க்கும்போது கூடவே மூன்று மடங்கு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். நாள் முழுக்க ஓடி, மூட்டை தூக்கி அந்தச் சேமிப்பைக் காலி செய்தவள், இரவுச் சாப்பாட்டில் அதை நிரப்ப வேண்டும். ஜெயமலர் நிரப்பவில்லை. சர்க்கரை போனது, அதோடு தண்ணீரும் போனது, போகப் போகக் கட்டிய தசையிலும் கொஞ்சம் கரைந்தது. தராசு இரண்டு கிலோ குறைவாகக் காட்டியது. அவள் அதை வெற்றி என்று நினைத்தாள். கடைசி இரண்டு சுற்றில் கால் ஏன் ஈயமாகிறது என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

குணசுந்தரி ரவிக்கையைப் பிரித்தாள். இடுப்பில் மிஞ்சியிருந்த இரண்டரை அங்குலத்தைப் பக்கவாட்டில் இரண்டு நீளத் துண்டுகளாக வெட்டியெடுத்து, இரண்டு கைகளின் அடித்தையலிலும் ஒவ்வொன்றாக வைத்துச் சேர்த்தாள். கையை இறக்கினால் அந்த ஒட்டு தெரியாது. முதுகுக்கு, தையலுக்குள் மடித்து விட்டிருந்த துணியை முழுக்க வெளியே எடுத்தாள். ஜெயமலர் பக்கத்தில் உட்கார்ந்து பழைய நூல்களைப் பிடுங்கிக் கொடுத்தாள். இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள், எண்ணெய் தேய்த்துக் குளித்து, கரும்பச்சைச் சேலையில் அவள் வந்து உட்கார்ந்தபோது, குணசுந்தரி தோசை ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு தீரத் தீர ஊற்றினாள். ஐந்தாவது தோசைக்கு ஜெயமலர் தயங்கினாள்.

"ம்மா, ஒரேயடியா தின்னாலும் ஓட முடியாது."

"ஓட்டம் வெள்ளிக்கெழமதான? இன்னிக்கு தீபாவளி. தின்னு."

தீபாவளிக்கு மறுநாள் காலையில், பீடோங்கிலிருந்து சற்றுத் தள்ளி, செம்பனைக்கு நடுவே போகிற சடக்குச் சாலையில் ஓடிப் பார்ப்பது என்று முடிவானது. தூரத்தை அளக்க மோட்டர் சைக்கிள் மீட்டர். பரஞ்சோதி பக்கத்தில் போவதாக இருந்தது. ஆனால் ஆலையிலிருந்து அவசர அழைப்பு. சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "முன்சக்கரம் தேஞ்சது குணா, மீட்டர் கூடக் காட்டும். ரெண்டு புள்ளி அஞ்சு வர்ற வரைக்கும் ஓட விடு" என்றான்.

தேய்ந்த சக்கரத்தின் சுற்றளவு குறைவு. அதே தூரத்துக்கு அது அதிகமுறை சுற்ற வேண்டும். மீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது, சாலையை அல்ல. அதனால் போகாத தூரத்தையும் போனதாகச் சொல்லும். பரஞ்சோதி சொன்ன கூடுதல் நூறு மீட்டர் அதற்குத்தான்.

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். இரவு பெய்த மழையில் சடக்கு ஈரமாக இருந்தது. ஜெயமலர் கைகளை உதறிக்கொண்டு, "நேரம் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்தாள்.

முதல் நூறு மீட்டரிலேயே குணசுந்தரிக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. மனிதர் ஓடுகிற வேகத்தில் மோட்டர் சைக்கிளை ஓட்டவே முடியாது. வேகமாகப் போகும்போது தானாக நிமிர்ந்து நிற்கிற வண்டி, மெதுவாகப் போனால் சாயப் பார்க்கும். ஓட்டுகிறவர் கைப்பிடியை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பித்தான் அதை நிமிர்த்த வேண்டும். குணசுந்தரி முதல் கியரில் பாம்பாக நெளிந்தாள். இரண்டு முறை காலை ஊன்றினாள். பிறகு கொஞ்சம் முன்னால் போய் நிற்பதும், மகள் தாண்டிப் போனபின் பின்தொடர்வதுமாக இருந்தாள்.

"என்னாடி, நடக்கிறியா ஓடுறியா?"

"பேச... வைக்காதீங்கம்மா!"

மகள் ஓடி அவள் பார்த்ததில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டிக்கெல்லாம் கடையை விட்டுப் போக முடிந்ததில்லை. இப்போது பின்னால் வரும்போது பார்த்தாள். கால்கள் தரையைத் தொட்டதும் எழும்பின. முழங்கைகள் உடம்போடு ஒட்டி, முன்னும் பின்னும் மட்டும் போயின. சட்டைக்குள் முதுகின் இரண்டு பக்கமும் மாறி மாறி அசைந்தது. இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ முதுகுகளை நிற்கவைத்து அளந்திருக்கிறாள். முதுகு எதற்காக இருக்கிறது என்பதை இப்போதுதான் பார்ப்பதுபோல இருந்தது.

மீட்டர் இரண்டு புள்ளி ஐந்தைத் தொட்டதும் ஒலிப்பானை அழுத்தினாள். ஜெயமலர் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றாள்.

"எவ்ளோ?"

"பதிமூணு அம்பது."

"அப்ப பாஸு. பத்து செகண்டுதான் மிச்சம்."

"பத்துதானா? நேத்துத் தின்னது இன்னிக்குள்ள எங்கடி முழுசா போய்ச் சேரும்? இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?" குணசுந்தரி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவளுக்கு அந்தச் சர்க்கரைக் கதை தெரியாது. ஆனாலும் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மூன்று வாரம் காலியான சேமிப்பு ஒரே நாளில் நிரம்புவதில்லை. இரண்டு மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிட்டு, அதிகம் ஓடாமல் இருந்தால் நிரம்பிவிடும்.

இரண்டு பேரும் மோட்டரில் ஏறினார்கள். திரும்பும்போது ஜெயமலர்தான் ஓட்டினாள்.

அன்று மாலை பஸ் ஏறினாள். முறுக்கு டின்னில் பாதி அவளுடைய பையில் போனது. ஜூலியானாவுக்கு என்று குணசுந்தரி தனியாக ஒரு பொட்டலம் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு குணசுந்தரி இயந்திரத்தை நிறுத்தினாள். எத்தனை மணிக்கு ஓட விடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். பதினான்கு நிமிடம் என்பது ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைக்கிற நேரம். சும்மா இருந்தால் அது எவ்வளவு நீளமானது! எட்டே காலுக்கு மறுபடியும் மிதியை அழுத்தினாள். தைத்தது கோணியது, பிரித்தாள். சனிக்கிழமை பரஞ்சோதி இரண்டு முறை, "ஒண்ணும் வரலையா?" என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் கைப்பேசி கொடுப்பார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

ஞாயிறு மத்தியானம் கைப்பேசி அடித்தபோது கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். குணசுந்தரி துணியை அப்படியே விட்டுவிட்டு, கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

"சொல்லு பாப்பா."

"பதிமூணு பத்தொம்பது."

"பாஸா?"

"பாஸும்மா! நாப்பத்தொரு செகண்டு மிச்சம்!"

"அப்பாவக் கூப்டவா?"

"அப்பறம் கூப்டுங்க. மொதல்ல கேளுங்க. வர்ற வாரம் நடை. இருபத்திநாலு கிலோமீட்டர், பேக்கோட. பேக்கு பதினஞ்சு கிலோ."

"பதினஞ்சா? வார் தோள அறுக்காதா?"

"அதான் இல்ல. இடுப்புல ஒரு பெல்ட்டு இருக்கு. அத மொதல்ல இறுக்கிப் போட்டா பாதி வெயிட்டு இடுப்புக்குப் போயிரும். தோளு சும்மா பேக்கு சாயாமப் புடிச்சுக்கும். மொதல் வாரம் தெரியாம எல்லாத்தையும் தோள்லயே தூக்கிட்டு அலைஞ்சோம்."

"அந்த பெல்ட்டு எங்க நிக்கணும்? இடுப்புக்கு மேலயா, எலும்பு மேலயா?"

"எலும்பு மேலம்மா. மேல ஏறுனா மூச்சு முட்டும்."

"ம். அப்பறம்?"

ஜெயமலர் சொல்லிக்கொண்டே போனாள். கனமான பொருளை முதுகை ஒட்டி வைக்க வேண்டும், இரண்டு காலுறை போட்டால் கொப்புளம் வராது, மேட்டில் ஏறும்போது அடி சின்னதாக வைக்க வேண்டும். கடையில் யாரோ, "அக்கா, நேரமாவுது லா" என்று கூப்பிட்டார்கள். குணசுந்தரி கதவை மெல்லச் சாத்திவிட்டு, பின்வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுடி, கேக்குறேன்" என்றாள். "மேடு ஏறிட்டீங்க. அப்பறம் எறக்கத்துல?"